ஒரே உறைக்குள் இரண்டு கத்தி: பைகேமும் டிகின்டரும் – கேள்வி பதில்

கேம் லைப்ரரி ஒன்றையும் (பைதான் மொழியில் பைகேம் மாதிரி) பட்டன், ஸ்லைடர் தரும் டூல்கிட் ஒன்றையும் (டிகின்டர், க்யூட்டி மாதிரி) ஒரே நிரலில் சேர்க்கப்போய் மாட்டிக்கொண்டவர்களின் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பைகேமில் பந்து துள்ளும் சிமுலேஷன் ஒன்று எழுதியிருக்கிறேன். புவியீர்ப்பையும் வேகத்தையும் மாற்ற டிகின்டர் ஸ்லைடர்களைச் சேர்த்தேன். விண்டோ வருகிறது, ஸ்லைடர் நகர மறுக்கிறது. சிறிது நேரத்தில் விண்டோ வெளுத்துப்போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. மெயின்லூப்பை முன்னால் கொண்டுபோய் வைத்தால் ஸ்லைடர் நகர்கிறது, பந்து நின்றுவிடுகிறது.
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: தனித்தனியாகப் பார்த்தால் உங்கள் வரிகளில் பிழை இல்லை. பைகேமின் ‘வைல் ட்ரூ’ லூப் ஒன்று, டிகின்டரின் மெயின்லூப் ஒன்று. இரண்டுமே முடிவில்லாமல் ஓடுபவை. முதலில் எது ஓடுகிறதோ அது அடுத்ததற்கு வழி விடாது. டிகின்டருக்கு முறை வராதபோது மவுஸ், கீபோர்டு செய்திகள் எடுக்க ஆளில்லாமல் வரிசையில் தேங்குகின்றன. இயங்குதளம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விண்டோ செத்துப்போனதாக முடிவு கட்டுகிறது.

பைகேம் லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ‘ரூட்.அப்டேட்’ (ரூட் என்பது டிகின்டரின் முதன்மை விண்டோ) அழைத்துவிட்டால் போதும் என்று பலரும் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் விண்டோஸில் மெனுவைத் திறந்த நிமிடம், அது மூடப்படும்வரை அப்டேட் திரும்பி வராது. பந்து அந்தரத்தில் நிற்கும். பயனர் விண்டோவை மூடிவிட்டால் அடுத்த அப்டேட் ‘அப்ளிகேஷன் ஹேஸ் பீன் டிஸ்ட்ராய்டு’ என்ற டிசிஎல் (டிகின்டருக்கு அடியில் இருக்கும் மொழி) பிழையுடன் விழும். அரை மணி நேர டெமோவுக்கு இது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

விண்டோவும் லூப்பும் ஒருவரிடமே இருக்க வேண்டும். பட்டன்களும் ஸ்லைடர்களும் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அந்த ஒருவர் டிகின்டர்தான். பைகேம் வெறும் ஓவியராக இருக்கட்டும். விண்டோ திறக்கும் உரிமை அதற்கு வேண்டாம்.

செய்முறை இது. ‘டிஸ்ப்ளே.செட்_மோட்’ வரியை எடுத்துவிடுங்கள். பதிலாக 640×480 அளவில், ஃபிளாக் 0, ஆழம் 32 பிட் என்று ஒரு ‘சர்ஃபேஸ்’ (பைகேம் வரையும் படப்பரப்பு) உருவாக்குங்கள். இதற்குத் திரையே தேவையில்லை, நினைவகத்தில் இருந்தால் போதும். டிகின்டர் பக்கம் ஒரு லேபிளும் அதற்குள் ஒரு ‘ஃபோட்டோஇமேஜும்’ (டிகின்டரின் படப் பொருள்) வையுங்கள். பிறகு ‘ஃபிரேம்’ என்று ஒரு ஃபங்ஷன். அதற்குள் ஸ்லைடர் மதிப்பைப் படிப்பது, பந்தை நகர்த்துவது, சர்ஃபேஸில் வரைவது, ‘இமேஜ்.டூபைட்ஸ்’ மூலம் ‘ஆர்ஜிபி’ (சிவப்பு, பச்சை, நீலம்) வடிவில் பைட்களை எடுப்பது (பழைய பதிப்புகளில் இதன் பெயர் ‘டூஸ்ட்ரிங்’), அவற்றின் முன்னால் பிபிஎம் என்ற எளிய பட வடிவத்தின் தலைப்பை ஒட்டுவது, ஃபோட்டோஇமேஜின் ‘டேட்டா’வில் கொடுப்பது. கடைசி வரியில் ‘ரூட்.ஆஃப்டர்’ மூலம் தன்னையே அடுத்த முறைக்குப் பதிவு செய்துகொள்வது.

பிபிஎம் தலைப்பு என்பது ‘பி6 640 480 255’ என்ற எழுத்துகளும் ஒரே ஒரு புதுவரிக் குறியும், ஆக மொத்தம் 15 பைட். தவறிப்போய் புதுவரிக் குறியை இரண்டு முறை போட்டால் படம் வரும், ஆனால் நிறம் ஒரு வீடு தள்ளி உட்காரும்: சிவப்புப் பந்து பச்சையாகத் தெரியும். பச்சைப் பந்தைப் பார்த்ததும் நிறத்தைக் கொடுத்த வரியில் போய்த் தேடாதீர்கள், தலைப்பை எண்ணிப் பாருங்கள்.

இந்த இடத்தில் சறுக்குபவை இன்னும் நான்கு இருக்கின்றன.

ஆஃப்டருக்கு ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டால் அது பதிவாகாமல் அங்கேயே ஓடிவிடும். அது தன்னை அழைக்க, அது மறுபடி தன்னை அழைக்க, பைதானின் வழக்கமான 1000 அடுக்கு வரம்பில் ‘ரிகர்ஷன் எர்ரர்’ வந்து நிற்கும்.

அடுத்தது ஃபோட்டோஇமேஜ். அதை ஃபங்ஷனுக்குள் உள்ளூர் மாறியாக வைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் பைதான் அதைக் குப்பை என்று அள்ளிவிடும். லேபிள் வெறுமையாக நிற்கும், பிழைச் செய்தி ஒன்றும் வராது. கிளாஸின் பண்பாகவோ லேபிளின் பண்பாகவோ கட்டி வையுங்கள்.

மூன்றாவது, பழக்க தோஷத்தில் ‘கிளாக்.டிக்(60)’ வரியை அப்படியே விட்டுவைப்பது. அந்த 60 இருந்தால் மிச்ச நேரத்துக்கு அது தூங்கும். அது தூங்கும்போது டிகின்டரும் சேர்ந்து தூங்கும், ஸ்லைடர் பிசுபிசுக்கும். எண் இல்லாமல் ‘டிக்’ என்று மட்டும் அழைத்தால் கழிந்த மில்லி செகண்டை அளந்து சொல்லும், தூங்காது.

நான்காவது, 60 ஃபிரேமுக்கு 16 மில்லி செகண்ட் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் பந்தை ஒரே அளவு நகர்த்துவது. விண்டோஸின் டைமர் இயல்பாக ஏறத்தாழ 15.6 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் விழிக்கும். 16 கேட்டால் சில சமயம் 31 ஆகிவிடும், பந்து ஒரு கணினியில் ஓடும், இன்னொன்றில் ஊரும். கழிந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்கியே நகர்த்துங்கள்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 640×480 படம் ஒன்றுக்கு 9,21,600 பைட். விநாடிக்கு 60 என்றால் 5.5 கோடி பைட்டை டிகின்டர் பிரித்துப் படிக்க வேண்டும். 1920×1080 ஆக்கினால் அது 37 கோடியைத் தாண்டும். டிகின்டர் அதற்குக் கட்டப்பட்ட வண்டி அல்ல. உங்கள் சிமுலேஷனுக்கு 30 ஃபிரேம் தாராளம்.

கேள்வி: மேலே சொன்னபடி செட்_மோட் வரியை எடுத்ததும் படங்களை ஏற்றும் ‘கன்வர்ட்_ஆல்ஃபா’ வரியில் பிழை வருகிறதே?
– சென்னை

பதில்: வரத்தான் செய்யும். திரையின் பிக்சல் வடிவத்துக்கு மாற்றித் தருவதுதான் கன்வர்ட்டின் வேலை. திரையே இல்லை என்றால் எதற்கு மாற்றும்? ஒன்று, அந்த அழைப்பை நீக்கிவிடலாம். படங்கள் நிறைய இருந்து வேகம் முக்கியம் என்றால், பைகேமைத் தொடங்கும் முன்பே எஸ்.டி.எல். வீடியோ டிரைவர் என்ற சூழல் மாறிக்கு (எஸ்.டி.எல். என்பது பைகேமுக்கு அடியில் இருக்கும் லைப்ரரி) ‘டம்மி’ என்று மதிப்புக் கொடுத்து, பிறகு 1×1 அளவில் செட்_மோட் அழையுங்கள். கண்ணுக்குத் தெரியாத திரை ஒன்று கிடைக்கும், கன்வர்ட்டும் சமாதானமாகும். ஒலிக்கான டிரைவர் வேறு என்பதால் சத்தம் கெடாது. ‘பைகேம்.இனிட்’ ஓடிய பிறகு மாறியை வைத்தால் பயன் இல்லை, அந்த வரி முதலில் வர வேண்டும்.

கேள்வி: பைகேம் விண்டோவை டிகின்டர் ஃபிரேமுக்குள்ளேயே (விண்டோவில் இடம் ஒதுக்கும் பெட்டி) புதைக்கலாம் என்று ஒரு பழைய குறிப்பில் படித்தேன். அந்தப் பெட்டியின் விண்டோ எண்ணான ‘வின்ஃபோ_ஐடி’யை எடுத்து எஸ்.டி.எல். விண்டோ ஐடி மாறியில் வைத்து, டிரைவராக ‘வின்டிப்’ கொடுக்கச் சொல்கிறது. ‘வின்டிப் நாட் அவைலபிள்’ என்று முகத்தில் அடிக்கிறது.
– மதுரை

பதில்: அந்தக் குறிப்பு எஸ்.டி.எல். 1.2 காலத்தது. பைகேமுக்கு அடியில் கிடந்து திரையையும் ஒலியையும் பார்த்துக்கொள்வது எஸ்.டி.எல்.தான். 2020 அக்டோபர் 28 அன்று வெளியான பைகேம் 2.0 முதல் அடித்தளம் எஸ்.டி.எல். 2 ஆகிவிட்டது. அதில் வின்டிப் என்ற டிரைவரே இல்லை, விண்டோஸ் கணினிக்கான டிரைவரின் பெயர் ‘விண்டோஸ்’. அந்த வரியை நீக்கினால் இந்தப் பிழை போகும், தலைவலி போகாது.

விண்டோவின் எண்ணைக் கொடுத்து உள்ளே புகும் வித்தை, ஒவ்வொரு இயங்குதளத்திலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். டிகின்டர் இன்னும் விண்டோவைத் திரையில் வைக்காதபோது எண்ணை எடுத்தால் பைகேம் தனியே வேறு இடத்தில் முளைக்கும் (அதற்காகத்தான் பழைய குறிப்புகளில் முன்னதாக ஓர் அப்டேட் வரி இருக்கும்). மேக்கில் வின்ஃபோ_ஐடி தரும் எண், எஸ்.டி.எல். எதிர்பார்க்கும் பொருளே அல்ல. லினக்ஸில் திரையை ஆள்வது எக்ஸ்11 அல்லது வேலண்ட்; டிகின்டர் எக்ஸ்11 வழியாகப் பேசுகிறது. பைகேம் வேலண்டில் ஓடினால், அங்கே இப்படிக் கைமாற்றக்கூடிய விண்டோ எண் என்ற ஒன்றே கிடையாது. இத்தனையையும் தாண்டி ஒட்டினாலும், விசைகள் யாருக்குப் போகும் என்ற சண்டை மிச்சமிருக்கும். பழைய நிரலைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய இந்தப் பக்கம் போகாதீர்கள். முதல் பதிலில் சொன்னபடி பைட்களைக் கைமாற்றுவது மெதுவான வழி, ஆனால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி ஓடும்.

கேள்வி: படம் வந்துவிட்டது. ஆனால் ‘கீ.கெட்_பிரெஸ்டு’ எப்போதும் ‘இல்லை’ என்றே சொல்கிறது. டிகின்டர் பைண்டிங் (விசை நிகழ்வை ஃபங்ஷனோடு இணைப்பது) போட்டு, அழுத்தினால் சேர்ப்பதும் விட்டால் எடுப்பதுமாக ஒரு செட் வைத்துப் பார்த்தேன். உபுண்டுவில் அம்பு விசையை அழுத்திப் பிடித்தால் கார் விட்டு விட்டு நகர்கிறது.
– யாழ்ப்பாணம்

பதில்: விண்டோ டிகின்டருடையது என்று ஆன பிறகு விசைச் செய்தியும் அதற்குத்தான் வரும். பைகேமைக் கேட்டுப் பயனில்லை. அழுத்தியிருக்கும் விசைகளுக்கு ஒரு ‘செட்’ வைத்துக்கொண்டு, கீபிரெஸ்ஸில் சேர்ப்பதும் கீரிலீஸில் எடுப்பதுமாக நீங்கள் செய்தது சரியான வழிதான்.

விட்டு விட்டு நகர்வதற்குக் காரணம் எக்ஸ்11. அங்கே ஒரு விசையைப் பிடித்துக்கொண்டே இருந்தால், விரல் அசையாதபோதும் ‘விட்டார், அழுத்தினார், விட்டார், அழுத்தினார்’ என்று இரட்டை இரட்டையாகச் செய்தி வந்துகொண்டே இருக்கும். ஆகவே கீரிலீஸ் வந்ததும் விசையை உடனே நீக்காமல், ‘ஆஃப்டர்’ மூலம் 5 மில்லி செகண்டுக்குப் பிறகு நீக்கும்படி பதிவு செய்து, அந்தப் பதிவின் எண்ணை விசைவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அதே விசைக்குக் கீபிரெஸ் வந்தால் ‘ஆஃப்டர்_கேன்சல்’. விரல் உண்மையிலேயே எடுபட்டால் 5 மில்லி செகண்ட் தாமதம், ஆடுபவருக்குத் தெரியாது. மொத்தக் கணினிக்கும் ரிப்பீட்டை அணைக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதை நிரலுக்குள் போடுவது அடுத்தவர் வீட்டு மெயின் சுவிட்சை அணைப்பது மாதிரி. நிரல் பாதியில் செத்தால் அணைந்தது அணைந்தபடியே கிடக்கும்.

இரண்டு விஷயம் கூடவே பாருங்கள். ஆடுபவர் பெயரைத் தட்டச்சு செய்யும் ‘என்ட்ரி’ பெட்டி இருந்தால், ஃபோகஸ் (விசைச் செய்தி போய்ச் சேரும் இடம்) அதிலேயே தங்கிவிடும். அம்பு விசை பெட்டிக்குள் கர்சரை நகர்த்தும், கார் நிற்கும். ‘தொடங்கு’ பட்டனில் ‘ஃபோகஸ்_செட்’டை அழைத்து ஃபோகஸைப் படம் இருக்கும் லேபிளுக்குக் கொண்டுவாருங்கள். விசையைப் பிடித்தபடியே வேறு விண்டோவுக்குத் தாவினால் கீரிலீஸ் உங்களிடம் வந்து சேராது, கார் தானே ஓடிக்கொண்டிருக்கும். ‘ஃபோகஸ்அவுட்’ நிகழ்வில் அந்த செட்டை முழுதாகக் காலி செய்யுங்கள்.

க்யூட்டி பயன்படுத்துபவர்களுக்கு ‘ஈஸ்ஆட்டோரிப்பீட்’ என்ற கேள்வி தயாராக இருக்கிறது, இந்த 5 மில்லி செகண்ட் வித்தை வேண்டாம். ஆனால் அங்கே ஸ்பேஸ் விசை சுடுவதற்குப் பதில் கடைசியாக ஃபோகஸ் பெற்ற பட்டனை அழுத்தித் தொலைக்கும். பட்டன்களின் ஃபோகஸ் பாலிசியை ‘நோ ஃபோகஸ்’ என்றும், விளையாட்டுப் பகுதியை ‘ஸ்ட்ராங் ஃபோகஸ்’ என்றும் வையுங்கள்.

கேள்வி: பைக்யூட்டியில் (பைதானிலிருந்து க்யூட்டி) க்யூஇமேஜ் என்ற படப் பொருள் வழியாகப் பைகேம் படத்தைக் காட்டுகிறேன். அகலம் 400 என்றால் சரியாக வருகிறது. 401 ஆக்கினால் படம் சாய்ந்து, வானவில் கோடுகள் போட்டது போல் ஆகிறது. சில நேரம் நிரலே விழுகிறது.
– கோயம்புத்தூர்

பதில்: அகலங்களைக் குறிப்பிட்டு எழுதியது நல்லதாகப் போயிற்று, காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘ஆர்ஜிபி’ வடிவில் ஒரு பிக்சலுக்கு 3 பைட். 400 பிக்சல் வரிசை 1200 பைட், 4-ஆல் வகுபடும். 401 என்றால் 1203. ஒரு வரிசையின் நீளத்தை நீங்கள் சொல்லாவிட்டால், ஒவ்வொரு வரிசையும் 4-இன் மடங்கில் தொடங்குவதாக க்யூஇமேஜ் எடுத்துக்கொள்ளும், அதாவது 1204. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பைட் தவறுகிறது. ஒரு பைட் தள்ளினால் சிவப்பின் இடத்தில் பச்சை, அடுத்த வரிசையில் நீலம். மூன்று வரிசைக்கு ஒருமுறை நிறம் சுற்றி வருவதுதான் நீங்கள் பார்த்த வானவில். 300-வது வரிசைக்கு வரும்போது 300 பைட், அதாவது 100 பிக்சல் நகர்ந்திருக்கும், அதுதான் சாய்வு. கடைசி வரிசைகளில் க்யூட்டி உங்கள் பைட்களைத் தாண்டி, உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கிறது. நிரல் விழுவது அதனால்.

க்யூஇமேஜுக்கு நான்காவது மதிப்பாக வரிசை நீளத்தைக் கொடுங்கள்: அகலம் × 3. இதைவிட மேலான வழி, 32 பிட் சர்ஃபேஸை வைத்துக்கொண்டு ‘கெட்_பஃபர்’ மூலம் பைட்களை அப்படியே எடுத்து, ‘ஃபார்மட்_ஆர்ஜிபி32’ என்று கொடுப்பது. இன்றைய சாதாரணக் கணினிகளில் இரண்டின் பைட் வரிசையும் ஒன்றே, நீலம்தான் முதலில். மாற்றும் வேலையே இல்லை. ‘டூபைட்ஸ்’ மூலம் ‘ஆர்ஜிபிஏ’ எடுத்தீர்களானால் ‘ஃபார்மட்_ஆர்ஜிபிஏ8888’ தர வேண்டும். ஆர்ஜிபி32 என்று கொடுத்தால் சிவப்பும் நீலமும் இடம் மாறி, மனித முகம் எல்லாம் நீலம் பாரித்திருக்கும்.

கெட்_பஃபரில் ஒரு முள் உண்டு. அது தந்த பொருள் உயிரோடு இருக்கும்வரை சர்ஃபேஸ் பூட்டியிருக்கும். அதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு அடுத்த ஃபிரேமை வரையப்போனால் ‘பூட்டிய சர்ஃபேஸில் பிளிட் (படத்தை ஒட்டுதல்) செய்ய முடியாது’ என்ற பொருளில் பிழை வரும். ‘ரா’ பைட்களை எடுத்துக்கொண்டு அந்தப் பொருளை விட்டுவிடுங்கள். மாறாக, க்யூஇமேஜ் தனக்கென நகல் எடுப்பதில்லை, நீங்கள் கொடுத்த பைட்களையே பார்த்துக்கொண்டிருக்கும். படம் திரையில் இருக்கும்வரை அந்த பைட்களை விடாதீர்கள், அல்லது ‘காப்பி’ எடுத்து வையுங்கள். ஒன்றை விட வேண்டும், ஒன்றைப் பிடித்திருக்க வேண்டும், குழம்புவது இங்கேதான்.

டைமருக்கு க்யூடைமர்; அதன் வகையை ‘பிரிசைஸ் டைமர்’ ஆக்குங்கள், இயல்பான வகை 5 சதவீதம் வரை விலகலாம். டைமரில் ‘அப்டேட்’ மட்டும் அழையுங்கள், வரைவது ‘பெயிண்ட்ஈவென்ட்’டுக்குள்.

கேள்வி: பைகேமின் ஒலிப் பகுதியான மிக்ஸரை மட்டும் வைத்து டிகின்டரில் பாட்டு பிளேயர். பாட்டு முடிந்தால் அடுத்தது தானாக வர வேண்டும். ‘வீடியோ சிஸ்டம் நாட் இனிஷியலைஸ்டு’ என்கிறது. பாட்டுக்கு எதற்கு வீடியோ?
– திருச்சி

பதில்: பாட்டு முடிந்ததும் செய்தி அனுப்பும் ‘செட்_எண்ட்ஈவென்ட்’டை வைத்து, அந்தச் செய்தியை ‘ஈவென்ட்.கெட்’ மூலம் எதிர்பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. பைகேமின் நிகழ்வு வரிசை வீடியோ பகுதியோடு கட்டப்பட்டது, மிக்ஸரை மட்டும் தொடங்கினால் அது இருக்காது. நிகழ்வை விட்டுவிட்டு, 500 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஆஃப்டர் மூலம் ‘மியூசிக்.கெட்_பிஸி’ என்று கேளுங்கள். பொய் என்றால் அடுத்த பாட்டு.

ஆனால் 2.0.1 பதிப்பிலிருந்து, பாட்டை ‘பாஸ்’ செய்திருந்தாலும் கெட்_பிஸி பொய் என்றே சொல்லும். பயனர் நிறுத்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், அரை விநாடியில் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். பாஸ் நிலைக்கு உங்களுடைய ஒரு கொடி மாறியை வைத்து, அது உயர்ந்திருக்கும்போது கேள்வியே கேட்காதீர்கள்.

கேள்வி: விளையாட்டு முழுக்கப் பைகேம்தான். லெவல் கோப்பைத் தேர்ந்தெடுக்க மட்டும் டிகின்டரின் ஃபைல் டயலாக். கோப்பைத் தேர்ந்து திரும்பினால் வீரன் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விடுகிறான்!
– ஈரோடு

பதில்: டயலாக் 8 விநாடி திறந்திருந்தால், திரும்பி வந்த முதல் ஃபிரேமில் கழிந்த நேரம் 8 விநாடி. அந்த 8 விநாடி வீழ்ச்சியை ஒரே தாவலில் கணக்கிட்டால் தரை எங்கோ மேலே போய்விடும், மோதல் சோதனைக்கு அது தட்டுப்படவே படாது. டயலாக் முடிந்ததும் ‘கிளாக்.டிக்’கை ஒருமுறை அழைத்து விடையைத் தூக்கி எறியுங்கள். எப்படியும், கழிந்த நேரம் 0.05 விநாடிக்கு மேல் போனால் 0.05 என்றே வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸில் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கும்போதும் இதே தாவல் வரும்.

டிகின்டர் ரூட்டை உருவாக்கியதும் ‘வித்ட்ரா’, வேலை முடிந்ததும் ‘டிஸ்ட்ராய்’. வித்ட்ரா இல்லாவிட்டால் ஒரு காலி விண்டோ ஓரத்தில் நிற்கும். இந்த அளவுக்கு விண்டோஸிலும் லினக்ஸிலும் பிரச்சினை இல்லை (உபுண்டுவில் பைதான்3-டிகே பொதியைத் தனியே நிறுவ வேண்டும்). மேக்கில் இரண்டும் ஒரே நிரலுக்குள் மேக்கின் அப்ளிகேஷன் பொருளுக்கு உரிமை கொண்டாடும், நிரல் விழக்கூடும். அங்கே டயலாக்கை ஒரு குட்டி பைதான் நிரலாகத் தனியே எழுதி ‘சப்பிராசஸ்’ மூலம் ஓட்டி, அது அச்சிடும் பாதையைப் படித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ‘போல்’ கேட்டுக்கொண்டிருந்தால் விளையாட்டும் உறையாது.

கேள்வி: டிகின்டரை ஒரு த்ரெட்டிலும் பைகேமை இன்னொன்றிலும் ஓட்டினால்?
– வேலூர்

பதில்: வேண்டாம். த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் ஓர் இழை. எஸ்.டி.எல். தன் நிகழ்வுகளை, திரையைத் தொடங்கிய அதே த்ரெட்டில்தான் எடுக்கச் சொல்கிறது. மேக்கில் இரண்டுமே முதன்மை த்ரெட்டைத்தான் கேட்கும், இருப்பதோ ஒன்று. தனித்தனி விண்டோ பரவாயில்லை என்றால் தனி பிராசஸ்களாக்கி (தனித்தனியே ஓடும் நிரல்களாக்கி), ‘மல்டிபிராசஸிங்’ பைப்பில் ஸ்லைடர் எண்களை அனுப்புங்கள். த்ரெட் வேண்டுமானால் கனமான கணக்குக்கு மட்டும், வரைவதற்கு அல்ல.

கேள்வி: சி++-இல் எஸ்எஃப்எம்எல் (இதுவும் ஒரு கேம் லைப்ரரி) விண்டோவை க்யூட்டி விட்ஜெட்டுக்குள் வைத்தேன். படம் சிமிட்டுகிறது, மெனு திறக்க நேரமாகிறது.
– பெங்களூரு

பதில்: எஸ்எஃப்எம்எல் வரைந்ததன் மேல் க்யூட்டி தன் பின்னணி நிறத்தைப் பூசுகிறது, நீங்கள் மறுபடி வரைகிறீர்கள், அதுதான் சிமிட்டல். விட்ஜெட்டுக்கு ‘பெயிண்ட் ஆன் ஸ்கிரீன்’, ‘ஓப்பேக் பெயிண்ட் ஈவென்ட்’, ‘நோ சிஸ்டம் பேக்ரவுண்ட்’ மூன்றையும் இயக்கி, ‘பெயிண்ட்எஞ்சின்’ ஃபங்ஷன் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியை (நல்) விடையாகத் தரும்படி மேலெழுதுங்கள். மெனு தாமதத்துக்குக் காரணம் அநேகமாக ‘செட்ஃபிரேம்ரேட்லிமிட்’. பைகேமின் டிக்(60) மாதிரியே அதுவும் ‘டிஸ்ப்ளே’க்குள் தூங்கும், தூங்குவது க்யூட்டியின் த்ரெட்டில். அதை நீக்கிவிட்டு க்யூடைமரிடம் விடுங்கள்.

கேள்வி: எனக்கு வேண்டியது நான்கு பட்டனும் ஒரு ஸ்லைடரும்தான். அதற்கு இவ்வளவு பாடா?
– புதுச்சேரி

பதில்: தேவையில்லை. பைகேம்_குயி என்ற லைப்ரரி பைகேம் விண்டோவுக்குள்ளேயே பட்டன், ஸ்லைடர், எழுத்துப் பெட்டி எல்லாம் வரைந்து தருகிறது. விண்டோவும் ஒன்று, லூப்பும் ஒன்று. நிகழ்வுகளை அதன் ‘பிராசஸ்_ஈவென்ட்ஸ்’ ஃபங்ஷனுக்குக் கடத்துவது, ஒவ்வொரு ஃபிரேமிலும் கழிந்த நேரத்தை அதன் ‘அப்டேட்’டுக்குக் கொடுப்பது, கடைசியில் ‘டிரா_யுஐ’ அழைப்பது, மூன்றே அழைப்புகள். நேரத்தை விநாடியில் கொடுங்கள். கிளாக் தருவது மில்லி செகண்ட், 1000-ஆல் வகுக்க மறந்தால் எழுத்துப் பெட்டியின் கர்சர் வெறிபிடித்த மாதிரி சிமிட்டும்.